வளைந்த ட்யூபை அளந்து கேட் (CAD, கணினி வரைவு மென்பொருள்) அசெம்பிளியாக மாற்றுவது எப்படி: மூன்று வாரம் வீணாக்கியவன் எழுதுவது

தயாரிப்பு நின்றுபோன ஒரு பைக்கின் பின்பக்க கேரியர் என் மேசைக்கு வந்தது. இடது ரெயில், வலது ரெயில், குறுக்கே இரண்டு ட்யூப், பின்னால் ஒரு வளையம், நான்கு போல்ட் பிளேட். "இதே மாதிரி இருபது செட் வேணுங்க, டிராயிங் எதுவும் இல்ல" என்றார் கொண்டுவந்தவர். நானும் இதென்ன பெரிய வேலை என்று ஸ்கேன் எடுக்கக் கொடுத்து, வந்த மெஷ் (குட்டி முக்கோணங்களால் ஆன வலை) மேல் சர்ஃபேஸ் சர்ஃபேஸாக ஒட்டி, திரையில் அச்சு அசல் மாடல் ஒன்றை உருவாக்கி, அதைத் தூக்கிக்கொண்டு ட்யூப் வளைக்கும் பெண்டிங் பட்டறைக்குப் போனேன். பட்டறைக்காரர் ஒரு நிமிடம் பார்த்தார். "தம்பி, படம் நல்லாத்தான் இருக்குதுங்க. இதுல நான் எத்தன மில்லி தள்ளி எத்தன டிகிரி வளைக்கிறது?"

பதில் என்னிடம் இல்லை. அந்த மாடலில் ஒரு ஆரம்கூட முழு வளைவுக்கும் ஒரே எண்ணாக இல்லை. எல்லாம் பழைய ட்யூபின் நசுங்கலையும் பெயின்ட்டையும் சேர்த்துப் பிரதி எடுத்த மேற்பரப்பு. மூன்று வாரம் போனது. கோவையில் ஒரு சின்ன ஃபேப்ரிகேஷன் பட்டறைக்கு டிராயிங் போடுகிற எனக்கே இந்தக் கதி என்றால், புதிதாக இறங்குகிறவர்கள் இதே பள்ளத்தில் விழக்கூடாது என்றுதான் இது.

ஒன்றை மட்டும் முதலிலேயே பிடித்துக்கொள்ளுங்கள். வளைந்த ட்யூப் என்பது மேற்பரப்பு அல்ல. நடுவில் ஓடும் ஓர் அச்சுக்கோடு, வெளிவிட்டமும் சுவர்த் தடிமனும், வளைத்த டையின் (ட்யூப் சுற்றி வளையும் பள்ளச் சக்கரத்தின்) ஆரம், அவ்வளவுதான். நேர்ப்பகுதிகளைச் சரியாக அளந்தால் வளைவுகள் தாமாக வந்து உட்கார்ந்துவிடும்.

1. தொடங்கும் முன் கேட்க வேண்டியவை

பாகம் யாருடைய வடிவமைப்பு என்று முதலில் கேளுங்கள். இந்தியாவில் 2000ஆம் ஆண்டின் டிசைன்ஸ் சட்டப்படி பதிவான வடிவத்துக்குப் பத்து ஆண்டு பாதுகாப்பு உண்டு, இன்னும் ஐந்து ஆண்டு நீட்டிக்கலாம். பழைய பொருள்தானே என்று நாமாக முடிவு செய்யக்கூடாது. "இதை உற்பத்தி செய்ய எனக்கு உரிமை இருக்கிறது" என்று வாடிக்கையாளரிடம் ஒரு வரி எழுத்தில் வாங்கி, பர்ச்சேஸ் ஆர்டருடன் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, எத்தனை செட் என்று கேளுங்கள். இரண்டு செட் என்றால் பட்டறையில் இருக்கும் டைக்கு ஏற்ப ஆரத்தை மாற்றிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். இருநூறு என்றால் புது டை செய்வதைப் பற்றி யோசிக்கலாம். அப்புறம் மாதிரியை வெட்டலாமா, கூடாதா? இதையும் எழுத்தில் கேளுங்கள். கடைசியாக, அது பொருந்தும் பைக்கோ சேஸியோ நேரில் கிடைக்குமா என்று. கிடைத்தால் பாதி சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும்.

2. வெட்டாதீர்கள், முழுதாக அளங்கள்

வெல்டிங் செய்த அசெம்பிளிக்குள் இழுவிசை அடைந்து கிடக்கும். ஒரு ஜாயின்டை அறுத்த உடனே ட்யூப் முனை படக்கென்று விலகும். என் கேரியரில் ஒரு குறுக்கு ட்யூபை அறுத்தபோது ரெயில் 3 மி.மீ. வெளியே போனது, அதற்கப்புறம் அளந்து என்ன பயன்? அதனால் போல்ட் துளைகளுக்கு இடையிலான தூரங்களை, மூலைவிட்டங்கள் உட்பட, வெட்டுவதற்கு முன்பே எடுத்து எழுதிவிடுங்கள். எல்லாப் பக்கத்திலிருந்தும் போட்டோவும் எடுங்கள், படத்துக்குள் ஸ்கேல் ஒன்று தெரிகிற மாதிரி.

இடதும் வலதும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமா என்றும் இந்தக் கட்டத்திலேயே பாருங்கள். எனக்கு வந்ததில் இடது பக்கம் 4 மி.மீ. இறங்கியிருந்தது. வண்டி எப்போதோ கீழே விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். கோணலான பக்கத்தை நேர்மையாக அளந்து இருபது கோணல் கேரியர் செய்வதைவிட, நல்ல பக்கத்தை அளந்து மிரர் செய்வது மேல். எது நல்ல பக்கம் என்பதை வண்டியில் மாட்டிப் பார்த்துதான் முடிவு செய்ய வேண்டும்.

3. ட்யூபின் விட்டமும் சுவரும்

பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு வெர்னியர் வையுங்கள். பவுடர் கோட்டிங் ஒரு பக்கத்துக்கு 60, 80 மைக்ரான் இருக்கும், விட்டத்தில் 0.15 மி.மீ. வரை கூடிவிடும். நேர்ப்பகுதியில், ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு திசையில் அளங்கள். வளைவின் மேல் அளக்கவே அளக்காதீர்கள், அங்கே ட்யூப் கொஞ்சம் முட்டை வடிவாகியிருக்கும்.

புதியவர்கள் தவறாமல் விழும் குழி ஒன்று இங்கே இருக்கிறது. ட்யூப் வேறு, பைப் வேறு. ட்யூபில் ஓர் அங்குலம் என்றால் வெளிவிட்டம் 25.4 மி.மீ. தண்ணீர்க் குழாய்க் கணக்கில் ஓர் அங்குலம் என்றால் வெளிவிட்டம் 33 மி.மீ.க்கும் மேல். கடையில் போய் வெறுமனே "ஒரு இன்ச்" என்று கேட்டால் எது வரும் என்று சொல்ல முடியாது. டிராயிங்கில் எப்போதும் மி.மீ.யில் வெளிவிட்டம், சுவர் இரண்டையும் எழுதுங்கள்.

திறந்த முனை இருந்தால் சுவரை நேரடியாக அளக்கலாம், பிசிறை ராவிவிட்டு. முனை மூடியிருந்தால் அல்ட்ராசோனிக் கேஜ் வேண்டும். அதுவும் இல்லை, ஆனால் தனியாக ஒரு ட்யூப் கையில் கழன்று வருகிறது என்றால் தராசில் வையுங்கள். இரும்பு ட்யூபுக்கு ஒரு மீட்டர் எடை, கிலோவில்: விட்டத்திலிருந்து தடிமனைக் கழித்து, அதைத் தடிமனால் பெருக்கி, 0.02466ஆல் பெருக்க வேண்டும். 25.4 விட்டத்தில் 2 மி.மீ. சுவர் என்றால் மீட்டருக்கு 1.154 கிலோ, 1.6 என்றால் 0.939. அறுநூறு மி.மீ. துண்டில் இந்த வித்தியாசம் 130 கிராம் அளவுக்கு வரும், சமையலறைத் தராசே காட்டிக்கொடுத்துவிடும். பழைய ஆட்கள் கேஜில் பேசுவார்கள்: 16 கேஜ் என்பது 1.63 மி.மீ., 14 கேஜ் 2.03.

4. வளைவின் ஆரம்

நமக்கு வேண்டியது ட்யூபின் நடுக்கோட்டு ஆரம். உள் ஆரமும் இல்லை, வெளி ஆரமும் இல்லை. பட்டறையில் இதைத்தான் சிஎல்ஆர் என்பார்கள், டையின் மேலும் பெரும்பாலும் இதுதான் பொறித்திருக்கும்.

90 டிகிரி வளைவு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ட்யூபைத் தாளின் மேல் படுக்கவைத்து, மூலைமட்டத்தை வெளிப்பக்கம் ஒட்டிப் பிடித்து, அது தொடும் இடங்களைக் கூரான பென்சிலால் புள்ளி புள்ளியாகக் குறியுங்கள். வில்லின் மேல் 100 மி.மீ. நீளத்துக்கு ஒரு நாண் போட்டு, நடுவில் அதன் உயரத்தை அளங்கள். நாணின் வர்க்கத்தை உயரத்தின் எட்டு மடங்கால் வகுத்து, பாதி உயரத்தைக் கூட்டினால் வெளி ஆரம். என் ரெயிலில் உயரம் 15.65 வந்தது, வெளி ஆரம் 87.7, அதில் அரை விட்டம் 12.7 போனால் 75.

ஆனால் இந்த முறையை ரொம்ப நம்பாதீர்கள். உயரத்தில் அரை மி.மீ. தவறினால் ஆரம் 2 மி.மீ.க்கு மேல் தவறும். மூன்று வளைவில் எடுத்துப் பாருங்கள், 74.1, 75.8, 75.2 என்று வந்தால் டை 75 என்று எடுத்துக்கொள்ளலாம். 76 பக்கம் வந்தால் அது 76.2, அதாவது மூன்று அங்குல டையாக இருக்கலாம். ஒரே ட்யூபில் எல்லா வளைவும் பெரும்பாலும் ஒரே டையில் போட்டிருப்பார்கள், ஆகவே ஒரு ட்யூபுக்கு ஒரே ஆரம் என்று வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

பட்டறையில் 75 மட்டும் இருக்கிறது, அசலில் 76.2 என்றாலும் கவலை இல்லை. நேர்ப்பகுதிகள் அதே இடத்தில் நிற்கும். 90 டிகிரி வளைவின் நடுவில் ட்யூப் அரை மி.மீ. நகரும், அவ்வளவே. புது டை செலவைத் தவிர்க்க இந்த அரை மி.மீ.யைத் தாராளமாகக் கொடுக்கலாம், பக்கத்தில் இடிக்கிற எதுவும் இல்லாத வரை.

5. நேர்ப்பகுதி ஒவ்வொன்றுக்கும் இரண்டு புள்ளி

மொத்த வேலையின் உயிர் இந்தப் படியில்தான். அவசரப்பட வேண்டாம், அரை நாள் ஒதுக்குங்கள்.

சர்ஃபேஸ் பிளேட் (மட்டமான அளவு மேசை), ஹைட் கேஜ் (அதன் மேல் உயரம் அளப்பது), ட்யூபைத் தாங்க இரண்டு வி-பிளாக், மூலைமட்டம் வேண்டும். பிளேட் இல்லையென்றால் மில்லிங் மெஷின் பெட் போதும். முதல் நேர்ப்பகுதி பிளேட்டுக்கு இணையாகவும், பிளேட்டின் ஒரு விளிம்புக்கு இணையாகவும் இருக்கும்படி ட்யூபைக் கிளாம்ப் செய்யுங்கள். முடியும்வரை அசைக்கக்கூடாது. டீ குடிக்கப் போகும்போது "தொடாதே" என்று எழுதி வைத்துவிட்டுப் போங்கள், நான் ஒருமுறை எழுதாமல் போனேன்.

ஒவ்வொரு நேர்ப்பகுதியிலும் இரண்டு இடத்தை மார்க்கரால் குறியுங்கள். இரண்டும் முடிந்தவரை தள்ளி இருக்கட்டும், ஆனால் வளைவு தொடங்கும் இடத்திலிருந்து ஒரு விட்டம் அளவாவது விலகியிருக்கட்டும். ஏன் தள்ளி என்றால், 100 மி.மீ. இடைவெளியில் அரை மி.மீ. தவறு கிட்டத்தட்ட 0.3 டிகிரி ஆகிவிடுகிறது, 300 மி.மீ. நீளக் காலின் முனையில் அதுவே ஒன்றரை மி.மீ.

உயரம் எடுக்கும்போது ட்யூபின் மேல்பக்கத்தை மட்டும் அளந்து அரை விட்டத்தைக் கழிக்காதீர்கள். ட்யூப் பிளேட்டுக்கு இணையாகக் கிடந்தால்தான் அந்தக் கணக்கு சரி. 30 டிகிரி சாய்ந்த காலில் அச்சிலிருந்து நேர் மேலே உள்ள தூரம் 12.7 இல்லை, 14.7. இரண்டு மி.மீ. தவறு இப்படித்தான் சத்தமில்லாமல் நுழைகிறது. எளிய வழி, அதே இடத்தில் மேல்பக்கமும் அடிப்பக்கமும் அளந்து சராசரி எடுப்பது. பக்கவாட்டிலும் அப்படியே: ஒரே குறுக்குக் கோட்டில் இரண்டு பக்கமும் மூலைமட்டத்தை ஒட்டிப் பிடித்துத் தாளில் குறித்து, நடுப்புள்ளியை எடுங்கள். ட்யூப் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தாலும் நடுப்புள்ளி அச்சின் மேல்தான் விழும், விட்டத்தைக் கழிக்கும் வேலையே இல்லை.

கடைசியில் கையில் ஒரு பட்டியல் இருக்கும், புள்ளிக்கு மூன்று எண்: நீளவாக்கு, அகலவாக்கு, உயரம். முனைகள் இரண்டையும் போல்ட் துளை மையங்களையும் அதே பட்டியலில் சேர்த்துவிடுங்கள். டிஜிட்டல் ஆங்கிள் கேஜ் ஒன்று இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும், சரிபார்க்க நல்லது. முதன்மை அளவாக அதை நம்ப வேண்டாம்.

6. ஸ்கேன் எப்போது வேண்டும்

ஆறேழு வளைவு, சைலன்சர் பைப், கழற்றவே முடியாமல் இன்ஜினைச் சுற்றிப் போகும் குழாய், இதற்கெல்லாம் ஸ்கேன்தான். என் தவறு ஸ்கேன் எடுத்தது இல்லை, என்ன கேட்க வேண்டும் என்று தெரியாமல் எடுத்தது.

எஸ்டிஎல் கோப்பு, அதாவது வெறும் மெஷ், மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். "ஒவ்வொரு நேர்ப்பகுதிக்கும் சிலிண்டர் பொருத்தி, அச்சுக்கோட்டின் இரண்டு முனைப்புள்ளிகளைக் கொடுங்கள், ஆயத்தளம் போல்ட் துளைகளை வைத்து இருக்கட்டும்" என்று கேளுங்கள். விலை பேசும்போது வெறும் ஸ்கேன், கேட் மாடலாக மாற்றித் தருவது என்று இரண்டு ரேட் சொல்வார்கள், இரண்டாவது பல மடங்கு. நமக்கு வேண்டியது இரண்டுக்கும் நடுவில். சொன்னால் செய்து கொடுப்பார்கள். நேரில் வந்து எடுப்பதற்குத் தனிக் கட்டணமா என்பதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். குரோம் பூசிய ட்யூப் என்றால் வெள்ளை ஸ்ப்ரே அடிக்க வேண்டியிருக்கும், துடைத்துத் தருவது யார் என்று பேசிக்கொள்ளுங்கள், சிரிக்காதீர்கள், எனக்கு அதில் ஒரு சண்டை நடந்தது.

ஒரு விட்டத்தைவிடக் குட்டையான நேர்ப்பகுதியில் சிலிண்டர் பொருத்தம் நம்பும்படி வராது. அங்கே அச்சு எங்கேயாவது பார்த்து நிற்கும். இரண்டு பக்கத்துக் கால்களையும் வைத்துத்தான் அதைத் திருத்த வேண்டும்.

7. கேடில் ஒற்றை ட்யூப்

3டி ஸ்கெட்சில் புள்ளிகளைப் போட்டு, ஒவ்வொரு சோடியையும் கோடாக இணைத்து, கோடுகளை நீட்டுங்கள். பக்கத்துக் கோடுகள் இரண்டும் ஒரு புள்ளியில் வெட்ட வேண்டும். வெட்டாது. ஒன்றை ஒன்று உரசாமல் கடந்து போகும், ஏனென்றால் அளவில் தவறும் உண்டு, ட்யூபும் யோக்கியம் இல்லை. இடைவெளி ஒரு மி.மீ.க்குள் என்றால் இரண்டுக்கும் நடுவில் ஒரு புள்ளியை எடுத்து அதையே மூலையாக வையுங்கள். அதைவிட அதிகம் என்றால் ஏதோ ஓர் எண்ணை மாற்றி எழுதியிருப்பீர்கள், திரும்ப பிளேட்டுக்குப் போங்கள்.

மூலைகள் கிடைத்ததும் 75 ஆரத்தில் ஃபில்லெட் போட்டு (மூலையை வில்லாக்கி), 25.4 வட்டத்தை அந்தப் பாதையில் ஸ்வீப் செய்து, 2 மி.மீ. சுவர் கொடுத்தால் ட்யூப் தயார். சாலிட்வொர்க்ஸ், ஃப்யூஷன் எதில் வேண்டுமானாலும் செய்யலாம், ஃப்ரீகேடில் கைவேலை கொஞ்சம் அதிகம், ஆனால் காசு இல்லை.

கோணங்களை இப்போது பாருங்கள். 89.4 வந்தால் 90, 44.7 வந்தால் 45, இவற்றைத் துணிந்து முழுமையாக்கலாம். 52.6 மாதிரி வந்ததை அப்படியே விடுங்கள். முழுமையாக்கிய பிறகு முனைப்புள்ளி எவ்வளவு நகர்ந்தது என்று பாருங்கள், துளை பொருந்தவில்லை என்றால் முழுமையாக்கியது தப்பு. ட்யூப் தனியாகக் கழன்றிருந்தால் கேட் சொல்லும் எடையையும் தராசு சொல்லும் எடையையும் ஒப்பிடுங்கள்.

8. அசெம்பிளி

ட்யூப் முனைகளை ஒன்றோடொன்று மேட் செய்து (முகத்தோடு முகம் பொருத்தி) அசெம்பிளி கட்ட முயன்றால் பைத்தியம் பிடிக்கும். உருளை முகத்தை உருளை முகத்தோடு பொருத்தினால் ட்யூப் தன் அச்சில் சுற்றிக்கொண்டே இருக்கும், அதைத் தடுக்க இன்னொரு மேட் போட்டால் சிவப்பு எச்சரிக்கை வரும்.

அதற்குப் பதில் ஒரு எலும்புக்கூடு பார்ட் செய்யுங்கள். அதில் போல்ட் துளைகள் முதலில், பிறகு எல்லா ட்யூபின் அச்சுக்கோடுகளும், எல்லாம் ஒரே ஆயத்தளத்தில். ஒவ்வொரு ட்யூபும் தன் கோட்டை அதிலிருந்து எடுத்துக்கொள்ளும், அசெம்பிளியில் ஆதிப்புள்ளியில் வைத்து அசையாமல் பூட்டிவிடலாம். நாளைக்கு வாடிக்கையாளர் வந்து "பின்னால பத்து மில்லி நீட்டிக் குடுங்க" என்றால் ஒரே இடத்தில் மாற்றினால் போதும். துளைகள்தான் உண்மை. ட்யூபின் இடம் ஒரு மி.மீ. முன்னே பின்னே போகலாம், துளை போகக்கூடாது.

குறுக்கு ட்யூபின் முனை ரெயிலின் மேல் உட்கார வாய் வெட்ட வேண்டும். கேடில் ரெயிலின் வெளிவிட்டத்தால் அதை வெட்டி, அந்த முனையை விரித்துத் தாளில் ஒன்றுக்கு ஒன்று பிரின்ட் எடுத்துக் கொடுங்கள், ட்யூபைச் சுற்றி ஒட்டி வெட்டிக்கொள்வார்கள். பிரின்டரில் "பக்கத்துக்குப் பொருத்து" என்ற தேர்வை நீக்கிவிட்டீர்களா என்று ஒரு ஸ்கேல் வைத்துப் பாருங்கள்.

இடது, வலது ரெயில்களுக்குத் தனித்தனிப் பார்ட் எண் கொடுங்கள். எல்லா வளைவும் ஒரே தளத்தில் இருந்தால் இரண்டும் ஒரே ட்யூப்தான், திருப்பிப் போட்டால் போதும். ஒரு வளைவு தளம் மாறினாலும் இரண்டும் வெவ்வேறு. நான் இருபது இடது ரெயில் வேண்டிய இடத்தில் நாற்பது இடது ரெயில் போட்டு வாங்கினேன்.

9. வளைப்பவருக்குக் கொடுக்க வேண்டிய தாள்

அவருக்கு வேண்டியது மூன்று நெடுவரிசை: எவ்வளவு தள்ள, ட்யூபைத் தன் அச்சில் எவ்வளவு சுழற்ற, எவ்வளவு வளைக்க. ஓர் உதாரணம் போட்டுக் காட்டுகிறேன். அச்சுக்கோட்டில் முனையிலிருந்து முதல் மூலை 180 மி.மீ., அங்கிருந்து இரண்டாம் மூலை 260, அங்கிருந்து மறுமுனை 200. முதல் வளைவு 90, இரண்டாவது 60 டிகிரி, நடுவில் 35 டிகிரி சுழற்சி, ஆரம் 75.

ஒவ்வொரு மூலையிலும் வளைவு விழுங்கும் நீளம், ஆரத்தை அரைக் கோணத்தின் டேன்ஜென்டால் பெருக்கினால் வருவது: முதலாவதில் 75, இரண்டாவதில் 43.3. ஆகவே நேர்ப்பகுதிகள் 105, 141.7, 156.7. வில்லின் நீளங்கள் 117.8, 78.5. எல்லாம் கூட்டினால் 599.7. மூலைத் தூரங்களை அப்படியே கூட்டி 640 என்று வெட்டியிருந்தால் 40 மி.மீ. வீண்.

அட்டவணை இப்படி வரும்: 105 தள்ளு, சுழற்சி 0, 90 வளை. 141.7 தள்ளு, 35 சுழற்று, 60 வளை. மீதி 156.7.

இதில் மூன்று கண்ணி இருக்கிறது. ஒன்று, 60 டிகிரி வளைவு என்றால் நேராக இருந்த ட்யூப் 60 திரும்பியது, இரண்டு கால்களுக்கு இடையில் உள்ள கோணம் 120. எதை எழுதுகிறீர்கள் என்று தாளிலேயே படம் போடுங்கள். இரண்டு, சுழற்சியின் திசை. ஒரு மெஷினில் கூட்டல் குறி வலஞ்சுழி, இன்னொன்றில் இடஞ்சுழி. மிரர் ட்யூபுக்கு இந்த ஒரு குறிதான் மாறும், மற்ற எல்லா எண்ணும் அப்படியே. அதனால் மூலைப் புள்ளிகளின் பட்டியலையும் கூடவே கொடுங்கள். மூன்று, ஸ்பிரிங்பேக். வளைத்து விட்டதும் ட்யூப் கொஞ்சம் திரும்பி வரும், அதற்காக எவ்வளவு கூட வளைப்பது என்பது அவர் வேலை. நீங்கள் இறுதிக் கோணத்தை மட்டும் கொடுங்கள். நானும் இரண்டு டிகிரி சேர்த்து, அவரும் இரண்டு டிகிரி சேர்த்த ட்யூப் இன்னும் பட்டறை மூலையில் கிடக்கிறது.

இரண்டு வளைவுக்கு நடுவில் கிளாம்ப் பிடிக்க இடம் வேண்டும். விட்டத்தைப் போல் இரண்டு மடங்காவது நேர்ப்பகுதி இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் அவரிடம் கேட்டுவிட்டு டிராயிங்கை முடியுங்கள். ட்யூபின் வெல்டிங் தையல் வளைவின் வெளிப்பக்கம் வரக்கூடாது என்று ஒரு வரியும் சேருங்கள்.

கொடுப்பதற்கு முன் 2.4 மி.மீ. டிக் (TIG) வெல்டிங் ஃபில்லர் கம்பியை எடுத்து, அட்டவணைப்படி கையால் வளைத்து, மாதிரியின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பத்து நிமிட வேலை. இடது வலது குழப்பம் இருந்தால் அங்கேயே பல்லிளித்துவிடும்.

10. முதல் பீஸ், பணம், நாள்

பெண்டிங் பட்டறைகளில் பொதுவாக ஒரு செட்டப் தொகையும், வளைவுக்கு இவ்வளவு என்றும் கேட்பார்கள். ஐந்து பீஸ் என்றால் செட்டப்தான் பெரிய செலவு, ஆகவே ஒரே விட்டம், ஒரே ஆரம் உள்ள எல்லா ட்யூபையும் ஒரே நாளில் போடச் சொல்லுங்கள். ட்யூப் நீங்கள் வாங்கிக் கொடுத்தால் செட்டப்புக்கு வீணாகும் இரண்டு மூன்று துண்டையும் சேர்த்து அனுப்புங்கள். ஜிஎஸ்டி பதிவு இருந்தால் ஜாப் ஒர்க் என்று போட்டு டெலிவரி சலான் எழுதி அனுப்ப வேண்டும், அனுப்பிய சரக்கு ஓராண்டுக்குள் திரும்பி வந்திருக்கவும் வேண்டும். சலானில் துண்டு எண்ணிக்கையை எழுதுங்கள், எடையை மட்டும் எழுதினால் பிறகு கணக்கு ஒட்டாது.

முதல் பீஸ் வந்ததும் மற்றவற்றை நிறுத்தச் சொல்லிவிட்டு, அதையும் அதே பிளேட்டில், அதே முறையில் அளங்கள். கோணத்தில் அரை டிகிரி, முனையில் ஒரு மி.மீ. வரை நான் விட்டுவிடுவேன். பிறகு வண்டியில் மாட்டிப் பாருங்கள். வாடிக்கையாளரையும் கூப்பிட்டு, முதல் பீஸ் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் "போடுங்க" என்று சொல்ல வேண்டும்.

எனக்கு இப்போது ஐந்து ட்யூப் உள்ள ஒரு கேரியருக்கு அளக்க ஒரு நாள், கேட் ஒரு நாள், கம்பி மாதிரியும் தாள்களும் அரை நாள் ஆகிறது. பெண்டிங் பட்டறையில் நம் முறை வருவதற்கு எத்தனை நாள் என்பது தனி. தீபாவளிக்கு முந்தைய மாதம் என்றால் வாடிக்கையாளரிடம் தேதி சொல்லும் முன்பே பட்டறைக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள்.